ஹேஃபரும் யோஸ்ட்டும் சுட்ட பறவை

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, காலை எட்டேமுக்கால் மணிக்கு, ஹெட்ரிக்ஸ்பர்க் ஊருக்கு வெளியே உள்ள பொது வேட்டை நிலத்தில் எல்வுட் ஹேஃபரும் அவருடைய மச்சான் கார்ல்டன் யோஸ்ட்டும் சுட்ட, ஃபெசன்ட் என்னும் கோழியினச் சேவல் கீழே விழவில்லை. மேலேயும் போகவில்லை. தரையிலிருந்து பதினான்கு அடி உயரத்தில், சோளக்கொல்லைக்கு நேர் மேலே, சிறகை விரித்து, முழ நீள வாலைப் பின்னால் நீட்டி, கழுத்தை வடகிழக்கே திருப்பியபடி அப்படியே நின்றுவிட்டது. அன்று மேற்கிலிருந்து மணிக்குப் பத்து மைல் வேகத்தில் காற்று அடித்தது. சோளம் ஆடியது. பறவை ஆடவில்லை.

அந்தச் சேவல் காட்டில் பிறந்ததல்ல. அந்த மாவட்டத்தில் காட்டு ஃபெசன்ட்கள் அற்றுப்போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேட்டைத் துறையின் பண்ணையில் குஞ்சு பொரித்து, வலைக்கூரைக்குக் கீழே தீனி போட்டு வளர்த்து, இருபத்திரண்டு வாரம் நிறைந்ததும் பெட்டியில் அடைத்து, வெள்ளிக்கிழமை மதியம் லாரியில் கொண்டுவந்து வயலில் திறந்துவிடுவார்கள். சனிக்கிழமை காலையில் வேட்டைக்காரர்கள் வந்து சுடுவார்கள். இடையில் கிடைக்கும் பதினெட்டு மணி நேரத்துக்குள் அவை காட்டுப் பறவைகளாகிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலானவை ஆவதில்லை. சட்டப்படி ஆரஞ்சு மேல்சட்டை போட்ட வேட்டைக்காரரைக் கண்டதும் தீனிக்காரர் வந்துவிட்டார் என்று குடுகுடுவென்று ஓடிவருபவையும் உண்டு. நடக்கிற பறவையைச் சுடுவது கேவலம் என்பதில் ஊரில் கருத்து வேறுபாடு இல்லை. அதனால் காலால் மண்ணை உதைத்து, தொப்பியை வீசி, "பறந்து தொலையேன்" என்று கெஞ்சிக் கூத்தாடிப் பறக்கவைத்து, பிறகு கௌரவமாகச் சுட்டார்கள். லாரி எந்த வயலுக்குப் போகிறது என்பது துறையின் ரகசியம். அந்த ரகசியத்தின் பின்னால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினேழு பிக்கப் வண்டிகள் வரிசையாகப் போகும்.

எல்வுட் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. கார்ல்டன் பால் லாரி ஓட்டினார். இரண்டு வயது மூத்தவர். மாவட்டத்திலேயே குறி தப்பாதவர் என்று பெயர் எடுத்தவர். இருவரும் பத்தொன்பது வருஷமாகச் சேர்ந்தே வேட்டைக்குப் போனார்கள். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் எல்வுட் வீட்டுக்குக் கொண்டுபோன பறவைகள் எல்லாம் கார்ல்டன் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. கார்ல்டன் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. எல்வுட்டின் மனைவி லொரெய்ன், கார்ல்டனின் தங்கை, புளித்த முட்டைக்கோஸோடு சேர்த்து அதைச் சமைப்பாள். முதல் வாயை மென்றுகொண்டே, "அண்ணன் சுட்டதா?" என்று கேட்பாள். குத்திக்காட்டுவதற்காக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள். அதுதான் எல்வுட்டுக்கு நெஞ்சில் தைத்தது. குத்திக்காட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை எல்வுட்டின் நாய் பான்சிதான் பறவையைக் கண்டுபிடித்தது. ஒரு முன்னங்காலை மடித்துத் தூக்கி, மூக்கை நீட்டி, சிலை மாதிரி நின்றது. எல்வுட் சோளத்தை உதைத்தார். சேவல் கத்திக்கொண்டே எழும்பியது. எல்வுட் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார், விசையை இழுத்தார், வெடிச்சத்தம் கேட்டது, பறவை நின்றது. இவ்வளவும் ஒரு மூச்சில் நடந்தது. அவர் தன்னையறியாமல் கத்தினார்:

"என்னோடது! என்னோடது!"

முப்பதடி தள்ளி நின்ற கார்ல்டனின் துப்பாக்கி முனையில் புகை இருந்தது. "என்ன மச்சான் உன்னோடது?" என்றார். "வெடிச்சது என் துப்பாக்கி."

"என்னோடதுந்தான் வெடிச்சுது. ரெண்டும் ஒண்ணா வெடிச்சுது."

"பத்தொம்பது வருஷமா வெடிக்குது. என்னைக்காவது விழுந்திருக்கா?"

வயலில் இருந்த மற்ற வேட்டைக்காரர்கள் முப்பது பேரும் சிரித்தார்கள். கார்ல்டன் தன் வாழ்நாளில் எல்வுட்டை மட்டம் தட்டிச் சொன்ன முதல் வார்த்தை அது. எல்வுட்டின் முகம் மேல்சட்டையின் நிறத்துக்கு வந்துவிட்டது. அவர் திருப்பிச் சொன்னதையும், கார்ல்டன் அதற்குச் சொன்னதையும் இங்கே எழுத முடியாது. யாருடையது என்று இருவரும் நல்ல ஐந்து நிமிஷம் சண்டை போட்ட பிறகுதான், எடுத்துக்கொண்டு போவதற்குத் தரையில் எதுவும் இல்லை என்பது கவனத்துக்கு வந்தது. பான்சி மட்டும் தலையை அண்ணாந்து அதே நிலையில் நின்றுகொண்டிருந்தது.

வண்டியில் ஏற்றுமுன் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம். எல்வுட் தன் பிக்கப்பின் பின்பக்கம் போய்த் துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்தார். இரண்டு தோட்டாக்களும் முழுசாக வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்தன. பாதுகாப்புப் பூட்டைத் தள்ள அவர் மறந்திருந்தார். அவர் துப்பாக்கி வெடிக்கவே இல்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டாக்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடுங்கோபத்தில் இருப்பவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, நாயைத் தேடிப் போனார். அது மடித்த காலைக் கீழே வைக்க மறுத்தது. மேஜையைத் தூக்குவதுபோல அப்படியே தூக்கிவந்து முன்சீட்டில் நிறுத்தி வீட்டுக்குக் கொண்டுபோனார். வீட்டு வாசலில்தான் காலை இறக்கியது.

திங்கட்கிழமை துறையின் அதிகாரி ரோண்டா பிக்ஸ்லர் வந்து பார்த்தார். முப்பது வயசுப் பெண், சட்டப் புத்தகத்தை எப்போதும் வண்டியில் வைத்திருப்பவர். பறவையை நாலு பக்கமும் சுற்றி வந்தார். உயரத்தை அளந்தார். ஒரு நாளைக்கு ஒருவருக்கு இரண்டு பறவை. கைக்கு வந்தால்தான் அது எண்ணிக்கையில் சேரும். இது யார் கைக்கும் வரவில்லை, ஆகவே சுடப்பட்டதாகாது என்றார். ஆனால் சுட்ட பறவையை எடுப்பதற்கு வேட்டைக்காரர் நியாயமான முயற்சி செய்தாக வேண்டும் என்று அதே புத்தகத்தின் அடுத்த பக்கம் சொன்னது.

"அப்ப நான் என்ன பண்ணணும், ஆபீசரம்மா?" என்று எல்வுட் கேட்டார்.

"முயற்சி பண்ணுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"எத்தனை நாளைக்குன்னு போடல. நியாயமானன்னுதான் போட்டிருக்கு."

"அவனுக்கும் அதேதானா?"

"நீங்க ரெண்டு பேரும் தன்னோடதுன்னு சொல்ற வரைக்கும், ரெண்டு பேருக்குந்தான்."

ஆகவே பருவம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் இருவரும் வந்தாக வேண்டியதாயிற்று. மின்கம்பம் ஏறுகிறவர்களின் தூக்குவண்டி ஒருநாள் வந்தது. அதில் ஏறிய ஆள் தடித்த கையுறையோடு இரண்டு காலையும் பிடித்து இழுத்தார். விளக்குக் கம்பத்தைப் பிடித்து இழுப்பது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வேறு வேட்டைக்காரர்களும் அதைச் சுட்டுப் பார்த்தார்கள். ரவைகள் பறவைக்கு ஓரடி முன்னால் வேகம் இழந்து, ஆலங்கட்டி போலச் சோளத்தில் கொட்டின. பறவையை இரண்டு முறை சுட முடியாது என்று ஊர் முடிவுக்கு வந்தது. மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு யாரும் தோட்டாவை வீணாக்கவில்லை. வெள்ளிக்கிழமை லாரி வழக்கம்போல வந்தது. திறந்துவிட்ட பறவைகள் வெளியே வந்ததும் ஒருமுறை அண்ணாந்து மேலே பார்க்கும், பிறகு நடக்க ஆரம்பிக்கும்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. காப்பிக்கடையில் ஜன்னலோர மேஜைகள் ஹேஃபர் கட்சி, அடுப்போர மேஜைகள் யோஸ்ட் கட்சி. தீயணைப்பு நிலையத்து விருந்தில் யோஸ்ட் கட்சிக்காரர்கள் உருளைக்கிழங்கு மசியலை ஹேஃபர் கட்சிக்காரர்களுக்குத் தள்ள மாட்டார்கள். அவர்கள் எழுந்து வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இருவரும் மனம் ஒத்துப்போகும் நாளில் பறவை விழும் என்று பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பேராசையும் தற்பெருமையும் காற்றில் தொங்குகின்றன என்றார். மற்றவர்களின் தற்பெருமையைப் பற்றிய பிரசங்கம் என்பதால் சபை மிகவும் உருக்கமாகக் கேட்டது. லொரெய்ன் மட்டும் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் நன்றிநாள் பண்டிகைக்கு மதியம் அண்ணன் வீட்டில் ஒரு வான்கோழி சமைத்துச் சாப்பிட்டாள், சாயங்காலம் தன் வீட்டில் இன்னொன்று சமைத்துச் சாப்பிட்டாள். இரண்டு இடத்திலும் இரண்டு பேரும் மற்றவரைப் பற்றி விசாரிக்கவில்லை. ஆனால் அவள் தானாகச் சொல்லும்போது மெல்வதை நிறுத்திக் கேட்டார்கள்.

எல்வுட் மூன்று முறை உண்மையைச் சொல்லப் பார்த்தார். முதல் முறை லொரெய்னிடம். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "அந்தப் பறவை..." என்று ஆரம்பித்தார். அவள் திரும்பாமலே, "தெரியும், உன்னோடது. நான் நம்பறேன்," என்றாள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அதை முதல் முறையாகச் சொன்னாள். அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டாம் முறை பான்சியிடம் சொன்னார். அதற்கு ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருந்தது. மூன்றாம் முறை, கார்ல்டன் முதுகுவலி என்று சொல்லிப் பால் லாரி வேலையை விட்ட சேதி வந்தபோது, அவர் வீட்டு வாசல் வரைக்கும் வண்டி ஓட்டிப் போய், எஞ்சினை நிறுத்தாமல் நாலு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினார். சனிக்கிழமைகளில் கார்ல்டன் வயலின் அந்தக் கோடியில் துப்பாக்கியோடு நிற்பார். பறவைகள் அவர் காலடியிலிருந்து எழும்பும். அவர் சுடுவதில்லை. ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் சுட்டு எல்வுட் பார்க்கவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டார். ஒரு பறவை போதும், அதுவும் என்னுடையதுதான் என்று காட்டுகிறான் என்று நினைத்தார்.

நாலாம் வருஷம் பான்சி செத்துப்போயிற்று. வயசாகித்தான் போயிற்று. எல்வுட் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார். மறுநாள் காலை அந்த மேட்டின் மேல் யாரோ ஒரு சோளக்கதிரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு மச்சான்தான்.

இரண்டாயிரத்துப் பதினாறு அக்டோபரில், பறவையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் அதிகமாக வருவதால், அதற்குக் கீழே ஒரு பெயர்ப்பலகை வைப்பது என்று துறை முடிவு செய்தது. யார் சுட்டது என்று பலகையில் போட வேண்டும். ரோண்டா பிக்ஸ்லர் இரண்டு பேருக்கும் கடிதம் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்து, நோட்டரி முன்னிலையில், பைபிளின் மேல் கை வைத்து, தான் சுட்டதாகப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் போட்டால் இரண்டு பெயர்.

எல்வுட் போனார். கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். கார்ல்டன் உள்ளே போய்விட்டு வெளியே வரும்போது இருவரும் கதவில் முட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். எல்வுட் உட்கார்ந்தார். நோட்டரி படிவத்தை நகர்த்தினார். எல்வுட் பைபிளின் அட்டையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார், நகக்கண்ணில் இருந்த பேருந்துக் கிரீஸைப் பார்த்தார். பிறகு எழுந்து, "கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரேன்," என்று சொல்லி வெளியே வந்துவிட்டார்.

கார்ல்டன் போகவில்லை. தன் வண்டியின் பம்பரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. வயலில் தூரத்திலிருந்து பார்த்தபோதெல்லாம் அது தெரியவில்லை.

"போட்டாச்சா?" என்றார் கார்ல்டன். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

"போடல. நீ?"

"போடல."

"ஏன்?"

"பேனா எழுதல."

"உள்ள நாலு பேனா வச்சிருக்காங்களே."

"நாலும் எழுதல."

எல்வுட் அவர் பக்கத்தில் போய் நின்றார். சாலையில் ஒரு மாட்டுத்தீவன லாரி போகிற வரைக்கும் பொறுத்திருந்தார். "மச்சான், நான் சுடவே இல்ல," என்றார். "சேஃப்டிய தள்ளவே இல்ல. ரெண்டு தோட்டாவும் முழுசா இருந்துது."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. வண்டிகிட்ட."

கார்ல்டன் அடிப்பார் என்று எல்வுட் எதிர்பார்த்தார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்திருந்தார். கார்ல்டன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானாச்சும் சுட்டிருந்தா நல்லாருந்திருக்கும்," என்றார்.

"சுட்டியே. சத்தம் கேட்டுதே."

"எனக்கும் சத்தந்தான் கேட்டுது மச்சான். சிறகு அடிக்கிற சத்தம். பறவைய நான் பாக்கல. கண்ணு ரெண்டுலயும் புரை. ஒரு வருஷமாவே எல்லாம் பால் ஊத்துன மாதிரிதான் தெரிஞ்சுது. சத்தம் வந்த பக்கம் சுட்டேன். நீ எங்க நிக்கிறன்னுகூட எனக்குத் தெரியாது."

எல்வுட்டுக்கு அது உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது அவரும் பம்பரில் உட்கார்ந்தார்.

"என்னயச் சுட்டிருப்ப."

"ஆமா."

"என் தங்கமான மூஞ்சியில போட்டிருப்ப."

"ஆமான்னுதானே சொல்றேன். நீ என்னோடதுன்னு கத்துன பாரு, அப்பதான் நீ உசுரோட இருக்கன்னு தெரிஞ்சுது. அந்தப் பதட்டத்துலதான் என்னமோ சொல்லிட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க." கார்ல்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அன்னையிலேருந்து துப்பாக்கியில தோட்டாவே போடல. லாரியையும் விட்டுட்டேன். முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"ரவை எங்கதான் போச்சு?"

"பொது வேட்டை நிலம்னு பலகை நிக்குதே, அதுல."

"அத ஆளாளுக்குச் சுட்டுச் சுட்டு எப்பவுமே ஓட்டையாத்தானே இருக்கும்."

"அதான் யாரும் கேக்கல. அப்புறம் பக்கத்து மாவட்டத்துல போயி ரெண்டு கண்ணையும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். நல்லாத் தெரிஞ்சதும் மொதல்ல அந்தப் பறவையத்தான் போய்ப் பாத்தேன். ஒரு காயம் இல்ல, ஒரு றெக்கை உதிரல. யாருமே சுடல அத."

"தெரிஞ்சுமா உன்னோடதுன்னு சொல்லிக்கிட்டு நின்ன?"

"நீ உன்னோடதுன்னு சொன்னியே."

எல்வுட் வயல் இருந்த பக்கம் திரும்பினார். "அப்ப அது ஏன் நிக்குது?" என்றார்.

"அதுகிட்டதான் கேக்கணும்."

அரைமணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. லொரெய்ன் இரண்டு பேரையும் சமையலறையில் எதிரே நிற்கவைத்து, முழுக்கதையையும் ஆதியோடந்தமாகக் கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஏழு வருஷம்," என்றாள் கடைசியில். "பதினாலு வான்கோழி." அவ்வளவுதான். பிறகு அந்தத் துணியை இருவர் மேலும் வீசி எறிந்துவிட்டு மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. எல்வுட்டைப் பார்த்து, "நான் நம்புனேனே," என்றாள். கார்ல்டனின் துப்பாக்கி தன்னைக் கொன்றிருந்தால்கூட அதைவிட வலித்திருக்காது என்று எல்வுட்டுக்குத் தோன்றியது. அந்த வார்த்தைக்குப் பரிகாரமாக அவர் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பாத்திரம் துலக்கினார். அது போதுமானதா என்று அவள் சொல்லவில்லை.

சனிக்கிழமை பாதிரியாரும் சபையும், இரண்டு கட்சிக்காரர்களும், தூக்குவண்டிக்காரர் உட்பட நூற்றிருபது பேர் வயலில் கூடினார்கள். இருவரும் பறவைக்குக் கீழே போய்க் கைகுலுக்கினார்கள். ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் தயாராக நின்றார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. பாதிரியார் இன்னொரு முறை குலுக்கச் சொன்னார். குலுக்கினார்கள். கட்டிக்கொள்ளச் சொன்னார். ஹெட்ரிக்ஸ்பர்க்கில் ஆண்கள் அப்படிச் செய்கிற வழக்கம் இல்லை, ஆனாலும் கட்டிக்கொண்டார்கள். பறவை வடகிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் போர்வைக்காரர்களுக்குக் கை வலித்தது. பாதிரியார் கடவுளின் சித்தம் நம் அறிவுக்கு எட்டாதது என்றார். எல்லோரும் காப்பி குடிக்கப் போனார்கள். பழக்கதோஷத்தில் ஜன்னலோரமும் அடுப்போரமுமாக உட்கார்ந்தார்கள்.

கையெழுத்து இல்லாத இரண்டு படிவங்களையும் வைத்துக்கொண்டு ரோண்டா பிக்ஸ்லர் தலைநகருக்கு எழுதிக் கேட்டார். யாரும் சுடாததால் அது சுட்ட பறவை அல்ல, பிடிபடாததால் அது துறையின் பறவையும் அல்ல, திறந்துவிடப்பட்ட பறவை, இன்னும் வயலில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று பதில் வந்தது. எடுப்பதற்கு இனி முயற்சி செய்ய வேண்டியதில்லை. பலகை ஏற்கெனவே வந்துவிட்டதால் பெயர் எதுவும் பொறிக்காமல் நட்டார்கள். ஒரு வாரத்தில் அதிலும் ஓட்டை விழுந்தது.

அந்த டிசம்பரில் பனி கடுமையாகக் கொட்டியது. பறவையின் முதுகிலும் சிறகிலும் ஒரு சாண் உயரத்துக்குப் பனி ஏறியிருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று வெளியூர்ப் பெண்மணி ஒருத்தி துறைக்குப் புகார் எழுதினாள். அதற்கு முந்தைய ஏழு குளிர்காலங்களிலும் பனி ஏறியிருக்க வேண்டும். யாரும் புகார் எழுதியிருக்கவில்லை. பனி விழுந்த மறுநாள் பறவையைத் துடைத்துவிடுவது ரோண்டாவின் வேலைப் பட்டியலில் பதினேழாவதாகச் சேர்க்கப்பட்டது. அவருக்கு இடுப்பில் பிடிப்பு. எல்வுட்டும் கார்ல்டனும் ஏணியோடு வந்தார்கள்.

கார்ல்டன் கீழே பிடித்துக்கொள்ள, எல்வுட் ஏறினார். கையுறையோடு சிறகுகளைத் தட்டிவிட்டார். முதுகில் பனி இறுகி ஒட்டியிருந்தது, கையுறையால் வரவில்லை. வலது கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, வெறும் உள்ளங்கையால் தேய்த்தார். தேய்த்தவர் கையை எடுக்கவில்லை.

"என்ன மச்சான், நின்னுட்ட?" என்றார் கார்ல்டன்.

"சூடா இருக்கு."

"என்னது?"

"உடம்பு. நல்ல சூடு. உள்ள துடிக்குது."

கார்ல்டன் யோசித்தார். "அதுக்கு என்ன இப்போ," என்றார். "நல்லாருந்தா சரி."

எல்வுட் இடது கையுறையையும் கழற்றினார். இரண்டு கையையும் இறகுக்குள் விட்டு, விரல்கள் நன்றாகக் காய்கிற வரைக்கும் வைத்திருந்தார். பிறகு இறங்கி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏறு," என்றார். கார்ல்டன் ஏறினார். அந்தக் குளிர்காலத்தில் பனி விழாத நாட்களிலும் அவர்கள் ஏணி கொண்டுபோனார்கள். ஜனவரியில் ஒருநாள் லொரெய்னும் கூட வந்தாள்.